ஓடாத வண்டிக்கு நாலு டயர்

"ஹலோ... ஹலோ, மச்சான்... நான்தான்யா, உன் அக்கா வீட்டுக்காரன்... ஆமா, ஆமா. வண்டி வந்து சேந்துச்சா?... பத்திரமா இறக்கினாங்களா?... எங்கேயும் இடிக்கலையே?... சிரிக்காத. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

சிரிக்க நிறையவே இருந்தது. டயர் மாற்றுவதற்காகக் கடைக்குப் போகிற காரை, போகிற வழியில் டயர் தேய்ந்துவிடக் கூடாது என்று ஒரு குட்டி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார் அவர். எஞ்சின் கெட்டுப்போச்சா என்று லாரிக்காரர் இரண்டு தடவை கேட்டார். "எஞ்சின் தங்கமா ஓடுது, அதனாலதான் ஏத்துறேன்" என்று பதில் சொன்னதும் அந்த மனிதர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கயிற்றை இறுக்கிக் கட்டினார். பைத்தியக்காரர்களோடு வாதம் செய்யக் கூடாது என்பது லாரிக்காரர்களுக்குத் தெரியும்.

தெருவில் அவரை எல்லோரும் ஸ்டோர் கீப்பர் என்றுதான் சொல்வார்கள். அரசாங்கச் சாமான் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அதே கிடங்கில் ஓய்வு பெற்றவர். கேட்டவர்களுக்குச் சாமானை எடுத்துக் கொடுப்பதுதான் ஸ்டோர் கீப்பரின் வேலை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கொடுக்காமல் காப்பாற்றுவதுதான் வேலை என்று அவர் நினைத்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று சிலரைச் சொல்வார்களே, இவர் எச்சில் கையைக் கழுவிவிட்டு, அந்தத் தண்ணீரையும் செடிக்குச் சேர்த்து வைப்பவர். பிரிவு உபசாரக் கூட்டத்தில் மேலதிகாரி, "இவர் வந்தபோது இருந்ததைவிட இவர் போகும்போது கிடங்கில் சாமான் அதிகம்" என்று மேடையில் பாராட்டினார். அதில் பாதி துருவேறியும் மீதி பூச்சி அரித்தும் கிடந்ததை யாரும் சொல்லவில்லை. மாலை போடுகிற நேரத்தில் யார் சொல்வார்கள்?

கிடங்கு போன பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரு பழைய கார்.

"சரி, விஷயத்துக்கு வா. நாலு டயரும்தான்... ஆமா, மாத்தணும்... எனக்கு எங்க இஷ்டம்? எல்லாம் உன் அக்கா பண்ற தொல்லை. போன மழையில இருந்து ஒரே பாட்டு. சாப்பாடு போடும்போது டயர், துணி மடிக்கும்போது டயர். ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, தூங்கிட்டான்னு நெனச்சா, இருட்டுல இருந்து 'அந்த டயரை மாத்துங்க'ங்குறா... ஆமா, அவ எதுவுமே கேக்காதவதான். நகை கேட்டிருக்காளா, புடவை கேட்டிருக்காளா? கேட்டா டயர் கேக்குறா! எந்த வீட்டுலயாவது பொண்டாட்டி டயர் கேட்டுப் பாத்திருக்கியா?... என்ன அங்க 'டர்ருடர்ரு'ன்னு ஒரே சத்தம்?... வேற வண்டியா? சரி சரி, வியாபாரத்தைப் பாரு. நான் இருக்கேன்."

இருந்தார். போனை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அந்த உறையை ஒரு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்ததால், பேசுவது மறுமுனைக்குக் கேட்க வேண்டுமென்றால் கொஞ்சம் கத்தத்தான் வேண்டும். முன்வாசல் படிக்கட்டில் நின்றுகொண்டு கத்தினார். எதிரே கார் ஷெட் காலியாகத் திறந்து கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவுவதுபோல் இருந்தது.

"ஆங், சொல்லு... ஆமா, கேக்குறேன்... டயருக்குப் பொறந்த தேதியா? எங்க போட்டிருக்கு?... பக்கவாட்டுலயா? நானும் தினம் தொடைக்கிறேன், கண்ணுல படலையே... அப்படியா? அவ்வளவு வயசா ஆச்சு?... சரிப்பா, வயசானா என்ன? எனக்குந்தான் வயசாச்சு, என்னைத் தூக்கிப் போட்டுட்டாங்களா?... போட்டுட்டாங்கதான், பென்ஷன் குடுத்துப் போட்டாங்க. பேச்சை மாத்தாத."

"... என்னது? வெடிப்பு இருக்குறது எனக்கே தெரியும். அதனாலதானே அனுப்பினேன்... தேஞ்சிருக்கா? யாரு சொன்னா?... வழுக்கையாவா? மச்சான், உனக்குக் கண்ணு கிண்ணு நல்லாயிருக்கா? அது ஓடவே ஓடாத வண்டிய்யா! தேயணும்னா ஓடணும். ஓடாம எப்படித் தேயும்? நான் மாசத்துக்கு ஒருதரம் ஷெட்டுலயிருந்து வாசல் வரைக்கும் தள்ளி, திரும்பத் தள்ளி வைக்கிறேன். எஞ்சின்கூடப் போடுறதில்ல. அதுல தேஞ்சுபோச்சா?... வெயில்ல கரைஞ்சிருக்கும். ரப்பர்தானே... சிரிக்காதேன்னு சொன்னேன்ல!"

மச்சான் என்பவர் அவர் மனைவியின் தம்பி. ஊருக்கு அந்தப் பக்கம், பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி டயர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுவார் என்பது ஸ்டோர் கீப்பரின் நெடுநாள் குறை. இன்றைக்கு அவர் சிரிப்பில் ஏதோ ஒரு நடுக்கம் கலந்திருந்தது. அதைக் கவனிக்கிற பழக்கம் நம் ஆளுக்குக் கிடையாது.

"சரி, என்னென்ன வச்சிருக்கேன்னு சொல்லு. மெதுவாச் சொல்லு... ம்... ம்... அது எவ்வளவு?... யப்பா! அது டயரா, பிளாட்டினமா?... மழையில வழுக்காதா? ஷெட்டுக்குள்ள என்னய்யா மழை?... ம், அடுத்தது... நெடுந்தூரப் பயணத்துக்கா? எங்க போகப்போறேன் நான், வாசலுக்கா? அடுத்தது சொல்லு... இல்ல, அதுவும் வேணாம்... ஏன் மச்சான், எல்லாம் மேல்தட்டுச் சரக்காவே சொல்றே? கீழ எதுவும் இல்லையா? பழைய டயர் மேல புது ரப்பர் ஒட்டி விப்பீங்களே, அது இருக்கா?... இருக்குல்ல? அதைப் போடு. முடிஞ்சுது கதை."

"... ஏன்?... ஏன் தர மாட்டே?"

"... லாரிக்குத்தான் அதுவா? சரி, காருக்கு யாரும் போடுறதே இல்லையா?... போடுறாங்கல்ல? அப்ப எனக்குப் போடு... தர மாட்டேன்னா என்ன அர்த்தம்? சரக்கு ரேக்குல இருக்கு, கேக்குறவன் கேக்குறேன், எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே உன் வேலை? வச்சு என்ன பண்ணப்போறே, முட்டை வைக்குமா?"

இந்தக் கேள்வியை அவரிடம் எத்தனையோ பேர், எத்தனையோ வருஷம், கிடங்கின் கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார்கள். மண்வெட்டி கேட்டு வந்த சாலைப் பணியாளர்கள், போர்வை கேட்டு வந்த ஆஸ்பத்திரி ஊழியர்கள். அவர்களெல்லாம் இப்போது இங்கே இருந்திருந்தால் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்த உரையாடலைக் கேட்டிருப்பார்கள்.

"தேன் எடுக்குறவன் புறங்கையை நக்குவான்னு தெரியும் மச்சான். ஆனா அக்கா புருஷன் கையையே கடிக்கிறியே!... லாபத்துக்காக இல்லையா? பின்ன எதுக்கு? சும்மா நிக்கிற வண்டிக்கு, நெடுஞ்சாலையில பறக்குற டயரை என் தலையில கட்டப் பாக்குறே... ஆமா, சும்மாதான் நிக்குது. சந்தேகமா? பெட்ரோல் கணக்கு ஒண்ணு போதும். வருஷ ஆரம்பத்துல ஒரு கேன்ல வாங்கி ஊத்தினேன். இன்னிக்கும் முள்ளு அதே இடத்துல நிக்குது. ஒரு சொட்டு குறையல. சில நாள் ஏறிக்கூட இருக்கு!... ஆமாய்யா, ஏறியிருக்கு. அந்தக் காலத்து வண்டி. அதெல்லாம் இப்ப யாருக்குச் செய்யத் தெரியும்?"

மறுமுனையில் ஓர் இருமல். வெகுநேரம் நீடித்த இருமல்.

"தண்ணி குடி... குடிச்சியா?... கிலோமீட்டரா? அதையேன் பாக்குறே? அது ஓடாது. நான்தான் ஒயரைக் கழட்டி விட்டுட்டேன். நாளைக்கு யாராவது விலைக்குக் கேட்டா, மீட்டர்ல கம்மியா இருக்கட்டுமேன்னு... ஏமாத்து இல்லய்யா, ஓடாத வண்டிக்கு ஓடாத மீட்டர். நேர்மைதானே?... ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த ஊர்த் தூசி இருக்கே, உலகத்துல எங்கேயும் கிடையாது. கவர் போட்டு, ஷெட்டைச் சாத்தி வச்சிருக்கேன். அதையும் மீறி உள்ள போயி வண்டி பூரா அப்பிக்குது. வாரத்துக்கு ரெண்டு நாளு. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பாக்கணும், சேறுகூடத் தெறிச்சிருக்கும். பூனை ஏதோ ஏறுதுன்னு நெனைக்கிறேன்... அதோட எலி வேற. டிரைவர் சீட்டை முன்னாடி தள்ளி விட்டுடுது. நானும் பின்னாடி தள்ளி வைக்கிறேன், அது திரும்பத் தள்ளுது. பெரிய எலியாத்தான் இருக்கணும்."

செவ்வாயும் வெள்ளியும் அவர் பகல் முழுக்க வீட்டில் இருப்பதில்லை. ஓய்வு பெற்றோர் சங்கத்தில் பீரோ சாவி அவரிடம் இருக்கிறது. பீரோவில் இருபது பிளாஸ்டிக் நாற்காலிக்கான துணி உறைகள் இருக்கின்றன. அவற்றைக் காவல் காக்கப் போய்விடுவார். இன்றைக்கும் செவ்வாய்தான். கார் கடைக்குப் போயிருக்கிற நாளில் மனம் எதிலும் ஒட்டாது என்று லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார்.

"உன் அக்காவா? அவ காலையிலேயே போயிட்டாளே. உன் பெரியக்காவுக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரி நாள் இல்லையா? ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல படுக்க வைக்கணுமே... ஆமா, வாரம் ரெண்டு நாள். பாவம், அந்தம்மா உடம்பு நாரா போச்சு... எப்படிப் போனாங்களா? பஸ்லன்னு சொன்னா. எப்பவும் கூட்டிட்டுப் போற டிரைவர் இன்னிக்கு வர முடியாதாம், வண்டி இல்லையாம். வாசல்ல நின்னு லாரி போறதையே பாத்துக்கிட்டிருந்தா. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லேன்னுட்டு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா... ஆமா, நல்ல மனசுக்காரங்கப்பா அந்த டிரைவர். அந்தக் காலத்து மனுஷங்க. எத்தனை மாசமா கூட்டிட்டுப் போயி, காத்துக்கிட்டிருந்து, கூட்டிட்டு வராங்க. நான் எப்பவும் சொல்லி அனுப்புவேன், அவங்களுக்கு நன்றி சொன்னேன்னு சொல்லுன்னு. 'சொல்லிட்டேன், சந்தோஷப்பட்டாங்க'ன்னு சொல்லுவா."

பெரியக்காவுக்கு நோய் வந்த புதிதில் மனைவி ஒரே ஒரு தடவை காரைக் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்து, பழைய வண்டி, நடுவழியில் நின்றுவிட்டால் நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். அந்தப் பதில் அவருக்கு மிகவும் பொறுப்பானதாகப் பட்டது. மனைவி தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மறு மாதமே நல்ல மனசுக்கார டிரைவர் ஒருவர் கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. நல்லவர்களுக்கு எப்படியும் வழி பிறக்கும் என்று அவர் சந்தோஷப்பட்டார். யார், என்ன, எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டால் பெட்ரோலுக்குப் பங்கு கொடுக்க வேண்டி வருமோ என்ற ஒரு சின்னப் பயமும் இருந்தது.

"சரி, கதை போதும். ஒட்டு டயர் நாலு போடு. சாயங்காலம் நானே வந்து... இல்ல, இல்ல. இப்பவே கிளம்பி வரேன். நீ என்னத்தைப் போடுறேன்னு பக்கத்துல நின்னு பாத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்... ஏன் வர வேணாம்?... வெயிலா? நான் பாக்காத வெயிலா?... கடையில கூட்டமா? ஓரமா நிக்கிறேன். என்ன மச்சான் நீ, அக்கா புருஷன் கடைக்கு வரேங்குறேன், இப்படிப் பதறுறே?... யாரு அது?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"பின்னாடி யாரு பேசுறது?... கஸ்டமரா? பொம்பளைக் குரலாட்டம் கேட்டுது... பொம்பளை கஸ்டமர்தானா? சரி. அவங்க ஏன் உன்னைத் 'தம்பி'ங்குறாங்க?... எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்களா? 'நேரமாச்சுடா தம்பி, மிஷின்ல இருந்து எறக்கியிருப்பாங்க, சாவியைக் குடு'ன்னு எல்லாரும் சொல்லுவாங்களா?... மச்சான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. அது உன் அக்கா."

"... ஹலோ?"

"... இருக்கியா?... இருந்தா பேசு. அவ எதுக்கு அங்க வந்தா? எந்தச் சாவியைக் கேக்குறா?... என் சாவியா? என் வண்டிச் சாவியா? அவளுக்கு எதுக்கு? கார் சாவியை வச்சு அவ என்ன..."

ஸ்டோர் கீப்பர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். அறிவில்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. கூட்டத் தெரிந்தவர்தான், கூட்டிப் பார்க்க மனம் வராதவர். இப்போது பெட்ரோல் முள்ளும், சேறும், முன்னால் தள்ளிய சீட்டும், செவ்வாயும், வெள்ளியும் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. அந்தப் பெரிய எலி பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையும் கையுமாக அவர் கண் முன்னால் வந்தது.

"எத்தனை நாளா?"

"... போன வருஷத்துல இருந்தா?"

"... யாரு கத்துக்குடுத்தா?... நீயா! லைசென்ஸு?... எடுத்துட்டாளா? முதல் தடவையிலேயேவா? எனக்கே மூணாவது தடவைதான் குடுத்தான்... இல்ல, அது வேற கதை. அப்ப அந்த டிரைவர்? நல்ல மனசுக்காரங்கன்னு நான் மாசக்கணக்கா நன்றி சொல்லி அனுப்பினது... அவளுக்கேவா?... 'சந்தோஷப்பட்டாங்க'ன்னு வந்து சொன்னாளேய்யா என்கிட்ட! முகத்துல ஒரு சிரிப்பு இல்லாம சொன்னாளே!"

"... தெருவுல? தெருவுல யாருக்காவது தெரியுமா?... எல்லாருக்குமா?... எதிர் வீட்டுக்காரர்? கவரை மடிச்சு விரிக்க அவருதான் ஒத்தாசையா?... ஓகோ... சங்கத்துலயும் தெரியுமா? அதனாலதான் இன்னிக்கு லீவுன்னதும் போன்ல அவனவன் ஒரு மாதிரி இழுத்தானா... சரி. சரி. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, காவக்காரனுக்குத்தான் தெரியல."

கோபம் வந்தது. காலில் இருந்து கிளம்பித் தலைக்கு ஏறுகிற முறையான கோபம். கிடங்கில் ஒரு வாளி காணாமல் போனபோது வந்த அதே கோபம்.

"அவளைப் போனுக்கு வரச் சொல்லு... கை வேலையா இருக்கா? என்ன கை வேலை?... நட்டு முடுக்குறாளா!... அப்ப இவ்வளவு நேரம் 'டர்ருடர்ரு'ன்னு கேட்டது வேற வண்டி இல்லையா?... என் வண்டியா? எந்த டயரைப் போட்டே?... முதல்ல சொன்னதா? அந்த மழையில வழுக்காததா? யாரைக் கேட்டுப் போட்டே?... நான் இங்க தொண்டை கிழிய ஒட்டு டயர், ஒட்டு டயர்னு கத்திக்கிட்டிருக்கேன், நீ 'ம், ம்'னு கேட்டுக்கிட்டே அங்க... அப்ப என்னை எதுக்குய்யா இவ்வளவு நேரம் போன்ல பிடிச்சு வச்சே?... வண்டியை அனுப்புற வரைக்கும் நான் கடைக்கு வந்துடக் கூடாதுன்னா? நல்லாயிருக்குய்யா. நல்லாயிருக்கு உங்க குடும்பம்."

"... என்ன காட்டணும்?... பழைய டயரையா? எனக்கு எதுக்கு அது... முன் டயர்ல என்ன?... கட்டியா? எப்படிப்பட்ட கட்டி?... தேங்கா சைஸுக்கா?"

குரல் இறங்கியது.

"... எந்தப் பக்கம்?... டிரைவர் பக்கமா... உள்பக்கத்துல இருந்தா நான் எங்க பாக்குறது? நான் வெளிப்பக்கம்தானே தொடைப்பேன்... எப்ப வேணா வெடிச்சிருக்குமா... ஓடும்போதா... எந்த வழியா போவாங்க அவங்க? பாலம் தாண்டியா? அந்தப் பெரிய லாரிங்க போற ரோட்டுலயா?... ரெண்டு பேருமா... ம்... ம்... வேணாம். போதும். சொல்லாதே."

பாலம் அவருக்குத் தெரியும். குறுகலான பாலம், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அதில் அவருடைய கார், வாரத்துக்கு நாலு தடவை, அவர் வெறுமனே துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த டயர்களோடு போய் வந்திருக்கிறது. போன மழையில் வழுக்கியிருக்க வேண்டும். அதனால்தான் அன்றிலிருந்து கேட்டிருக்கிறாள். இருட்டில் படுத்துக்கொண்டு, காரணத்தையும் சொல்ல முடியாமல், வார்த்தையையும் விட முடியாமல் டயர், டயர் என்று கேட்டிருக்கிறாள். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கிறார். எதிரே காலியாகக் கிடந்த ஷெட்டை அவரால் பார்க்க முடியவில்லை. வாளி தொலைந்தபோது இப்படி ஒரு நாளும் ஆனதில்லை.

"மச்சான்... ஸ்டெப்னியையும் மாத்திட்டியா?... அதையும் புதுசாப் போடு. நாலு போதாது, அஞ்சு. பிரேக்கைப் பாத்தியா?... பாத்துட்டியா? அவ பாக்கச் சொன்னாளா? நல்லது... ஸ்பீக்கர்ல போடு... போனை ஸ்பீக்கர்ல போடுய்யா, அவ நட்டை முடுக்கிட்டே கேக்கட்டும். போட்டியா?"

எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். போனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துக் கீழே போட்டார்.

"இங்க பாரு. நான்தான் பேசுறேன். கேக்குதா?... என்ன நெனச்சுக்கிட்டிருக்கே நீ? இது என்ன சத்திரமா, சாவடியா? அவங்கவங்க சாவியை எடுத்துக்கிட்டு அவங்கவங்க வண்டியை ஓட்டிக்கிட்டு... அரசாங்கச் சாமானா இருந்திருந்தா இந்நேரம் விசாரணை வச்சிருப்பாங்க. உத்தரவு இல்லாம ஒரு குண்டூசி எடுக்க முடியுமா? காரையே எடுத்திருக்கே! எதிர் வீட்டுக்காரர் முன்னாடி, சங்கத்து ஆளுங்க முன்னாடி என்னை ஒரு கோமாளியா... எலின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்! எலிப்பொறி வேற வாங்கி வச்சேன், உன்கிட்டயே குடுத்து வைக்கச் சொன்னேன், நீயும் வச்சே!"

மூச்சு வாங்கியது. மறுமுனையில் ஏதோ ஒரு கதவு சாத்துகிற சத்தம். அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். பதில் பேசாமல் நிற்பதுதான் அவள் வழக்கம். அந்த நிற்றல் எப்போதும் அவருக்கு வெற்றியாகத் தோன்றும். இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

"... சரி, அது போகட்டும். அதை விடு. நான் சொல்ல வந்தது அது இல்ல... அந்தக் கட்டியைப் பத்தி உன் தம்பி சொன்னான். எனக்குக் கை காலெல்லாம் ஓடல. நீயும் அந்தம்மாவும் அதுல போயிட்டு... எதாவது ஆயிருந்தா? நான் என்ன பண்ணியிருப்பேன்? அந்த ஷெட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்பேன்?... யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு நான் ஒரு நாள்கூடக் கேக்கல. கேட்டிருக்கணும். நான்தான் கூட்டிட்டுப் போயிருக்கணும்... உண்மையைச் சொல்லிடுறேன், எனக்கு அந்த ரோட்டுல ஓட்டப் பயம். பின்னாடி லாரி ஹாரன் அடிச்சா கை நடுங்கும். அதான் துடைச்சுக்கிட்டே இருந்துட்டேன். துடைக்கிறதுக்கு யாரும் ஹாரன் அடிக்க மாட்டான் பாரு... நீ ஓட்டுறே. எப்படி ஓட்டுறேன்னு தெரியல. நல்லாத்தான் ஓட்டுவே... எடுத்துட்டுப் போ. நான் சொல்றேன், எடுத்துட்டுப் போ. செவ்வா, வெள்ளின்னு இல்ல, என்னிக்கு வேணுமோ அன்னிக்கு. என்னைக் கேக்க வேணாம். அந்தம்மாவைப் பின் சீட்டுல படுக்க வச்சு, மெதுவாக் கூட்டிட்டு வா. வீட்டுக்கே கூட்டிட்டு வா, நாலு நாள் நம்மகூட இருக்கட்டும்... கேக்குதா?... ஏதாவது சொல்லேன். திட்டணும்னா திட்டு."

காத்திருந்தார். தெருவில் எதிர் வீட்டுக்காரர் தன் வாசலைப் பெருக்குகிற சாக்கில் வெகுநேரமாக ஒரே இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தார்.

"... மச்சான்? நீயா? அவகிட்ட குடு... ஏன்?"

"... போயிட்டாளா?"

"... எப்ப?... எதுவரைக்கும் கேட்டா?... குண்டூசி வரைக்குமா? எலிப்பொறி கேட்டாளா?... கேட்டுட்டுச் சிரிச்சாளா? சரி... அதுக்கப்புறம் சொன்னதெல்லாம்?... ஒண்ணும் கேக்கலையா? கட்டியைப் பத்திச் சொன்னது?... பயம்னு சொன்னது?... நல்லதாப் போச்சு. அதை நீயும் கேக்கல, தெரியுதா?... இல்ல, மறுபடி சொல்ல மாட்டேன். ஒரு தரம் சொன்னதே பெருசு... டயர் எப்படி? வண்டி அசையாமப் போகுதா?... திருப்பம் தாண்டிட்டாளா?... ஹாரன் அடிச்சுத் திரும்பினாளா? கெட்டிக்காரி..."

"... மச்சான், ஒண்ணு கேக்குறேன். எடுத்துட்டுப் போன்னு நான் சொன்னேன்ல? அவ வண்டியை எடுத்தது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"... ரொம்ப முன்னாடியேவா?"

"... சரி, யாராவது கேட்டா பின்னாடின்னு சொல்லு. வச்சிடுறேன்."